எச்சரிக்கை: ‘கேட்டதைவிடப் பெரிய போர்டு தருகிறோம்’ என்றால் உஷாராகிவிடுங்கள்

சத்தமில்லாத வீட்டுக் கம்ப்யூட்டர் கட்ட நினைப்பவர்கள் மதர்போர்டுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். கீழே இருப்பது ஒரே ஆர்டரில் இரண்டு முறை நடந்த கதை. இரண்டு முறையும் வந்த போர்டு ‘வேலை செய்தது’. சிக்கலே அதில்தான். செத்த போர்டைத் திருப்பிக் கொடுப்பது சுலபம். ஓடுகிற போர்டைத் திரும்ப எடுக்கவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

கேட்டது என்ன? படுக்கையறையில் ராத்திரி முழுக்க ஓடப்போகிற மெஷின். ரைசன் 5 5600ஜி பிராசசர். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கேபினெட்டில் 120 மி.மீ. பிடபிள்யூஎம் ஃபேன் (சிக்னல் மூலம் வேகம் மாற்றும் நான்கு பின் ஃபேன்) மூன்று. அதற்கேற்றபடி நான்கு ஃபேன் ஹெடர் (ஃபேன் ஒயரை மாட்டும் பின் வரிசை) உள்ள, பி550 சிப்செட் (போர்டின் முக்கியச் சிப்) கொண்ட ஒரு போர்டை மாடல் பெயர் சொல்லி ஆர்டர் செய்திருந்தார் வாங்கியவர். பெட்டியைத் திறந்தால் உள்ளே எக்ஸ்570 போர்டு. “நீங்க கேட்டது ஸ்டாக் இல்லை சார், அதைவிட மேலானதை அதே விலைக்குக் குடுத்திருக்கோம்” என்று போனில் விளக்கம். கேட்டால் லாபம் மாதிரித்தான் இருக்கும்.

லாபம் இல்லை. எக்ஸ்570 சிப்செட் 2019-இல் வந்தது. பிசிஐஇ (கார்டும் எஸ்எஸ்டியும் பிராசசரோடு பேசும் பாதை) 4.0 வேகத்துக்காகச் செய்த சிப். சுமார் 11 வாட் சூடு தரும். அந்தச் சூட்டை இறக்க, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர அன்றைய எக்ஸ்570 போர்டுகள் எல்லாவற்றிலும் சிப்செட் மேல் ஒரு குட்டி ஃபேன் உட்கார்ந்திருக்கும். அடுத்த ஆண்டு வந்த பி550-க்கு ஏறக்குறைய அதில் பாதிச் சூடுதான். வெறும் ஹீட்சிங்க் போதும். 2021-இல் எக்ஸ்570எஸ் என்ற பெயரில் ஃபேன் இல்லாத போர்டுகள் வந்தன. எனவே பெட்டியில் அந்தக் கடைசி ‘எஸ்’ இருக்கிறதா இல்லையா என்பதில் உங்கள் தூக்கம் இருக்கிறது.

குட்டி ஃபேனில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். 120 மி.மீ. ஃபேன் 500 ஆர்பிஎம்மில் சுற்றினால் காற்று நகரும் மெல்லிய இரைச்சல் மட்டும்தான். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கேட்காது. சிப்செட் ஃபேன் அளவில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதே வேலைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ஆர்பிஎம் போக வேண்டியிருக்கிறது. வருவது கொசு ரீங்காரம் போன்ற கீச்சுக் குரல். எவ்வளவு சத்தம் என்பதைவிட எந்த மாதிரிச் சத்தம் என்பதுதான் காதை அறுக்கிறது. அதோடு, அந்த ஃபேன் பெரும்பாலும் முதல் பிசிஐஇ ஸ்லாட்டுக்குக் கீழேதான் இருக்கும். கார்டு போட்டால் சூடான காற்றைத்தான் அது உறிஞ்சும். தூசி சேர்ந்து பேரிங் தேய்ந்தால் மாற்று ஃபேன் கிடைப்பதும் கஷ்டம். ஒவ்வொரு போர்டுக்கும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு திருகு.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று: பிற்பாடு வந்த பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அமைப்பு மென்பொருள்) அப்டேட்டுகளில் பல போர்டுகளுக்கு ‘சைலண்ட்’ என்ற சிப்செட் ஃபேன் அமைப்பு சேர்ந்தது, ஒரு குறிப்பிட்ட சூடு வரை ஃபேன் நின்றே இருக்கும். குளிர்ந்த அறையில், கார்டு இல்லாத மெஷினில் அது உதவும். கோடையில் அது எழுந்து சுற்றத் தொடங்கினால் மறுபடி அந்தக் கீச்சுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 5600ஜி பிராசசருக்குப் பிசிஐஇ 3.0 மட்டும்தான் வரும். சிபியூவிலிருந்து நேராக வரும் கிராபிக்ஸ் ஸ்லாட்டும் முதல் எம்.2 ஸ்லாட்டும் (எஸ்எஸ்டி மாட்டும் இடம்) எந்தப் போர்டில் போட்டாலும் 3.0 வேகத்தில்தான் ஓடும். எதற்காகக் கூடுதல் சூடும் ஃபேனும் வந்தனவோ அந்தப் பயன் வாங்கியவருக்குக் கிடைக்கவே போவதில்லை. ‘மேலானது’ என்பது விற்பவரின் பட்டியலில் மேலே இருப்பது, அவ்வளவுதான்.

(இன்டெல் பக்கம் இசட்690, இசட்790 சிப்செட்டுகளுக்கும், ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கான பி650 வகையறாவுக்கும் இந்தக் கவலை அநேகமாக இல்லை. ஆனால் மினி-ஐடிஎக்ஸ் என்ற மிகச் சிறிய போர்டு என்றால் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதி) ஹீட்சிங்க் மூடிக்குள்ளோ எம்.2 மூடிக்குள்ளோ குட்டி ஃபேனை ஒளித்துவைக்கும் பழக்கம் அங்கே உண்டு. விளம்பரத்தில் அதற்கு ‘ஆக்டிவ் கூலிங்’ என்று கௌரவமான பெயர்.)

சண்டை போட்ட பிறகு இரண்டாவது போர்டு வந்தது. இந்த முறை பி550தான். ஆனால் கேட்ட மாடல் இல்லை. மைக்ரோ-ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவு, விஆர்எம் மேல் ஹீட்சிங்க் இல்லை, ஃபேன் ஹெடர் மொத்தமே இரண்டு. பெட்டியின் பக்கவாட்டில் ‘4 பின் ஃபேன் ஹெடர்’ என்று அச்சடித்திருந்தது. நான்கு ஹெடர் என்று நினைத்துக்கொள்ளும்படியான வாசகம். நான்கு பின் உள்ள ஹெடர் என்பது அதன் பொருள். அதுகூட முழு உண்மை இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் மெஷினின் அமைதி இங்கேதான் முடிவாகிறது. நான்கு பின் ஹெடரில் முதல் பின் கிரவுண்ட், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று போர்டுக்குச் சொல்லும் சென்ஸ், நான்காவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் சிக்னல். ஃபேன் வேகத்தைக் குறைக்க இரண்டு வழி. மூன்று பின் ஃபேனுக்கு இரண்டாவது பின்னில் வோல்டேஜையே குறைக்க வேண்டும். இது டிசி முறை. நான்கு பின் ஃபேனுக்கு 12 வோல்ட்டை அப்படியே விட்டுவிட்டு, நான்காவது பின்னில் 25 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் அனுப்ப வேண்டும். நல்ல போர்டு இரண்டையும் செய்யும். பயாஸில் ஒவ்வொரு ஹெடருக்கும் ‘பிடபிள்யூஎம் / டிசி / ஆட்டோ’ என்று தேர்வு இருக்கும். சிக்கன போர்டு ஒன்றை மட்டும் செய்யும். எது என்று பெட்டி சொல்லாது, இணையத்தில் போடும் விளக்கப் பக்கமும் சொல்லாது. மேனுவல் சொல்லும்.

மேனுவலைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பிடிஎஃப் ஆக முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம்; வாங்கியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதில் ஃபேன் ஹெடர் படம் உள்ள பக்கத்துக்குப் போங்கள். பக்கத்தில் ஒரு குட்டி அட்டவணை இருக்கும். இரண்டாவது பின்னுக்கு எதிரே ‘+12வி’ என்றும் நான்காவதுக்கு எதிரே ‘வேகக் கட்டுப்பாடு’ என்றும் இருந்தால் அது பிடபிள்யூஎம் ஹெடர். இரண்டாவதிலேயே ‘வேகக் கட்டுப்பாடு’ என்று எழுதி, நான்காவதுக்கு எதிரே ‘இணைப்பு இல்லை’ என்றோ ‘ரிசர்வ்’ என்றோ இருந்தால் நான்காவது பின் வெறும் அலங்காரம். அது டிசி ஹெடர். இரண்டிலும் வேகக் கட்டுப்பாடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். எதிலுமே அந்தச் சொல் இல்லையென்றால் ஃபேன் எப்போதும் முழு வேகம்தான், போர்டைக் கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டாவதாக வந்த போர்டின் சிஸ்டம் ஹெடரில் நான்காவது பின்னுக்கு எதிரே ‘இணைப்பு இல்லை’ என்றுதான் இருந்தது. மூன்று ஃபேனும் பிடபிள்யூஎம் ஃபேன். ஒய் கேபிள் போட்டு ஒரே ஹெடரில் மாட்டலாம்தான். ஒரு ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும், மூன்று ஃபேனும் சேர்ந்து அரை ஆம்பியரைத் தொடுவதே அபூர்வம். ஆனால் பயாஸில் அந்த ஹெடரை 60%-க்குக் கீழே இறக்க விடவில்லை. 12 வோல்ட்டில் 60% என்றால் 7.2 வோல்ட். 1200 ஆர்பிஎம் ஃபேன் அந்த வோல்டேஜில் எழுநூறைத் தாண்டித்தான் நிற்கும். அதே ஃபேன் சரியான பிடபிள்யூஎம் ஹெடரில் நானூறுக்கு இறங்கியிருக்கும். நானூறுக்கும் எழுநூறுக்கும் உள்ள வித்தியாசம் பகலில் தெரியாது, ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியும்.

“ஃபேன் ஹப் ஒண்ணு போட்டுக்கோங்க, சரியாயிடும்” என்று விற்றவர் ஆலோசனை சொன்னார். ஹப் என்பது பல ஃபேனை ஒன்றாக மாட்டும் பலகை. அதிலும் ஒரு குழி. பவர் சப்ளையிலிருந்து சாட்டா வழியாக 12 வோல்ட் எடுக்கும் ஹப், போர்டிலிருந்து நான்காவது பின் சிக்னலை மட்டும்தான் வாங்கும். சிக்னல் வராத ஹெடரில் அதை மாட்டினால் ஃபேன்கள் முழு வேகத்தில் அலறும். ஹப்பைச் சிபியூ ஃபேன் ஹெடருக்கு மாற்றினால் சிக்னல் கிடைக்கும். ஆனால் பிராசசர் சூடு ஒரு நொடி துள்ளினால் கேபினெட் ஃபேன் எல்லாமே சேர்ந்து துள்ளும். கேட்க, யாரோ பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பது போல இருக்கும்.

நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பழைய மூன்று பின் ஃபேனைப் பிடபிள்யூஎம் மட்டும் தெரிந்த ஹெடரில் மாட்டினால், பயாஸில் என்ன கோடு வரைந்தாலும் அது முழு வேகத்தில்தான் சுற்றும். சிபியூ ஹெடர் பல மலிவு போர்டுகளில் இப்படித்தான்.

ஹெடர் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதை ஆட்டுவிக்கும் பயாஸும் வேண்டும். நீங்கள் தேட வேண்டியது மூன்று. ஒன்று, ஃபேன் எந்தச் சூட்டைப் பார்த்து ஓட வேண்டும் என்று மாற்ற முடிகிறதா; கேபினெட் ஃபேன் சிபியூவைப் பார்க்காமல் போர்டு சென்சாரைப் பார்த்தால் நிம்மதி. இரண்டு, வேகம் ஏறவும் இறங்கவும் தாமதம் வைக்க முடிகிறதா. ரைசன் ஒரு விண்டோ திறந்தாலே பத்து டிகிரி குதிக்கும். ஐந்து நொடி தாமதம் இருந்தால் அந்தக் குதிப்பு ஃபேனுக்குத் தெரியாமலே போய்விடும். மூன்று, எவ்வளவு கீழே இறக்க விடுகிறது. 20% நல்லது, 60% வீண். சிபியூ ஃபேனுக்குத் தொடக்கமாக 50 டிகிரி வரை 30%, 65-இல் 45%, 75-இல் 70%, 85-இல் 100% என்று வைத்துப் பாருங்கள். இவை எல்லாம் பயாஸிலேயே இருக்க வேண்டும். விண்டோஸ் சாஃப்ட்வேரில்தான் இருக்கிறது என்றால், அது ஏறும் வரை ஃபேன் தன் இஷ்டத்துக்கு ஓடும். லினக்ஸ் போடுபவர்களுக்கு அதுவும் கிடையாது.

மெதுவான ஃபேன் போடுபவர்கள் கட்டாயம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: சிபியூ ஃபேன் 600 ஆர்பிஎம்முக்குக் கீழே போனால் சில போர்டுகள் ஃபேன் செத்துவிட்டது என்று நினைத்து, ‘சிபியூ ஃபேன் எரர்’ காட்டி எஃப்1 அழுத்தும் வரை பூட் ஆகாமல் நிற்கும். பயாஸில் குறைந்தபட்ச வேக எச்சரிக்கையை 200-க்கு இறக்குங்கள். போர்டு பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இனி விஆர்எம். பிராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதி, சாக்கெட்டுக்கு இடப்புறமும் மேலேயும் சாம்பல் நிறக் கட்டிகள் வரிசையாக இருக்கும் இடம். 5600ஜி அதிகபட்சம் 88 வாட்தான் இழுக்கும், ஹீட்சிங்க் இல்லாத போர்டும் சாதாரணக் கேபினெட்டில் தாங்கும். ஆனால் அமைதியான மெஷினில் காற்றோட்டமே குறைவு. அதிலும் டவர் கூலர் என்றால் காற்று போர்டுக்கு இணையாகப் போய்விடும், விஆர்எம் மேல் படாது. சூடு எல்லை தாண்டினால் போர்டு சத்தமில்லாமல் பிராசசர் வேகத்தை வெட்டும். மெஷின் அமைதியாகவும் இருக்கும், ஆமையாகவும் இருக்கும். ஹீட்சிங்க் இல்லாத போர்டுதான் கிடைக்கிறது என்றால் மேலிருந்து கீழே ஊதும் கூலர் போடுங்கள், பயாஸில் பவர் லிமிட்டை 65 வாட்டுக்கு இறக்குங்கள். இன்டெல் போர்டு என்றால் இந்த லிமிட் இன்னும் முக்கியம். 12700 பெட்டியில் 65 வாட் என்று இருக்கும், டர்போவில் 180 வாட் வரை போகும். அந்த எல்லைக்கு நேர வரம்பே இல்லாமல் திறந்துவிட்டு வரும் போர்டுகள் ஏராளம். பெட்டியில் எழுதியிருக்கும் பேஸ் (விஆர்எம்மில் மின்சாரம் பிரியும் கிளை) எண்ணிக்கையை வைத்து மதிப்பிடாதீர்கள். ஒரே கன்ட்ரோலர் சிக்னலை இரண்டாகப் பிரித்து, எட்டைப் பதினாறு என்று எழுதுவது சர்வ சாதாரணம்.

அந்தச் சாம்பல் கட்டிகளிலிருந்து ‘ஈஈஈ’ என்று மெல்லிய ஒலி வரலாம். காயில் வைன் என்பார்கள். மவுஸை உருட்டும்போது ஒலி மாறினால் சந்தேகமே வேண்டாம். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையைப் போர்டுக்கு மேலே நகர்த்துங்கள். எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். பாதி நேரம் குற்றவாளி பவர் சப்ளையாக இருக்கும். ஃபேன் பக்கம் தாளைக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது போர்டில் இன்னொன்றும் இருந்தது: அது புதியதே இல்லை. அதைக் காட்டிக்கொடுத்தது திருகு ஓட்டைகள். போர்டைக் கேபினெட்டில் பிடிக்கும் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளி வளையம் இருக்கும். ஒருமுறை திருகு முடுக்கினாலே அந்த வளையத்தில் வட்டக் கீறல் விழும். அதைத் துடைக்க முடியாது. புதுப் போர்டில் எல்லா ஓட்டையும் பளபளவென்று இருக்க வேண்டும். சாக்கெட் ஓரத்தில் தெர்மல் பேஸ்ட் கறை, எம்.2 திருகு காணாமல் போயிருப்பது, பின்பக்கத் தகட்டில் கீறல், பயாஸில் முந்தைய ஆள் சேமித்த புரொஃபைல் – இவையும் அடையாளம்தான். பெட்டி மேலுள்ள சீரியல் எண்ணும் போர்டு மேலுள்ள ஸ்டிக்கரும் ஒன்றா என்று பாருங்கள். இங்கே கடைசி நான்கு இலக்கம் வேறு. ஏஎம்5, இன்டெல் போர்டு வாங்குபவர்கள் சாக்கெட் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பின்களைப் பார்த்துவிட வேண்டும். பின்களின் பளபளப்பு ஒரே சீராக வரும். நடுவில் ஒரு புள்ளி இருண்டால் அங்கே பின் வளைந்திருக்கிறது. வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது, வளைத்தது நீங்கள் என்பார்கள். அந்த மூடியையும் தூக்கிப் போடாதீர்கள், சர்வீஸுக்கு அனுப்பும்போது அது இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

‘எக்ஸ்99 புதுப் போர்டு, ஜியான் பிராசசர், ரேம் சேர்த்து’ என்று பொட்டலமாக விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்99 என்பது 2014-இல் வந்த சிப்செட். இப்போது ‘புதிது’ என்று வருவதில் பலவற்றின் உள்ளே இருப்பது பழைய டெஸ்க்டாப் போர்டுகளிலிருந்து பெயர்த்தெடுத்த பி85, எச்81 போன்ற சிப். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து சிப்செட் பெயரைப் பார்த்தால் உண்மை தெரியும். அவற்றில் பலவற்றின் பயாஸில் ஃபேன் கட்டுப்பாடே கிடையாது. ஜியான் இ5 என்ற சர்வர் பிராசசரில் உள் கிராபிக்ஸ் இல்லாததால் கார்டும் அதன் ஃபேனும் தனி. சர்வர் மாதிரி இரைந்தால் பரவாயில்லை என்பவர்கள் வாங்கலாம்.

போர்டு வந்ததும் கேபினெட்டில் பூட்டாதீர்கள். சீல் உடைப்பதிலிருந்து வீடியோ எடுங்கள்: சீரியல் எண், திருகு ஓட்டை, சாக்கெட், எல்லாம் நெருக்கமாக. பிறகு போர்டைப் பெட்டியின் மேலேயே வைத்து (ஆன்டி-ஸ்டாட்டிக் கவர் மேல் வேண்டாம், அதன் வெளிப்புறம் மின்சாரம் கடத்தலாம்), சிபியூ, கூலர், ஒரு ரேம் மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பயாஸுக்குள் போய் ஒவ்வொரு ஹெடராக ஒரே ஃபேனை மாற்றி மாட்டி, 100%, 50%, 20% என்று வைத்து ஆர்பிஎம் இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை. ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

புகார் எழுதும்போது ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். சத்தம் யாருக்கும் பழுது இல்லை. சோதித்தோம், நன்றாக ஓடுகிறது என்று அதே போர்டைத் திருப்பி அனுப்புவார்கள். ‘ஆர்டர் செய்த மாடல் இது இல்லை’, ‘சீரியல் எண் பொருந்தவில்லை’, ‘மேனுவலில் உள்ள வசதி போர்டில் இல்லை’ என்று எழுதுங்கள். மாடல் பெயரோடு ரிவிஷன் எண்ணையும் சேருங்கள். ஒரே பெயரில் ரிவிஷன் 1.0-இல் இருந்த ஹீட்சிங்க்கோ ஹெடரோ அடுத்த ரிவிஷனில் காணாமல் போவது நடக்கிற விஷயம். ரிவிஷன் எண் போர்டின் ஒரு மூலையில் சின்ன வெள்ளை எழுத்தில் அச்சாகியிருக்கும்.

இந்த ஆர்டரின் முடிவைத் தீர்மானித்ததும் பில்லில் இருந்த மாடல் பெயர்தான். முதல் போர்டுக்கான பில்லில் கேட்ட மாடலின் முழுப்பெயர் இருந்தது. வந்ததோ வேறு; முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது போர்டோடு வந்த திருத்திய பில்லில் ‘பி550 மதர்போர்டு – 1’ என்று மட்டும் இருந்தது. சீரியல் எண் கிடையாது, மாடல் கிடையாது. பெட்டியைத் திறக்கும்போது வீடியோவும் எடுக்கவில்லை. கீறல் விழுந்த அந்தப் போர்டு இன்னும் வாங்கியவரிடம்தான் இருக்கிறது.